கண்மூடி சாமியைத் தொட்டவள்

விடுதியில் பக்கத்துக் கட்டில்காரனின் போனில் 'புத்தம் சரணம் கச்சாமி' ஓடிக்கொண்டிருந்தது.

"சரணம்னா இன்னாடா மச்சான்?" என்று கேட்டேன்.

"அடைக்கலம்டா. புத்தர்கிட்ட அடைக்கலம் போறேன்னு அர்த்தம்."

அட, இது எங்கள் ஊர் வழக்கமாச்சே!

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், எங்கள் கரும்புத் தோட்டத்து வரப்பில் ஒரு கற்சிலை உண்டு. மூக்கு உடைந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். பேர் கண்மூடி சாமி. அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரை யாரும் அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது யாரென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

நான் மூன்றாவது படிக்கும்போது, "கல்யாணம் வேணாம், காலேஜுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு என் அக்கா வீட்டைவிட்டு ஓடினாள். பின்னாலேயே கரும்புக் கழியோடு அப்பா. அவள் நேராகப் போய் சாமியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கைய எடுடி!"

"மாட்டேன். முடிஞ்சா அடிங்க."

அப்பாவால் முடியவில்லை. வெயில் ஏறியது, கல் சுட்டது, அக்கா கையை எடுக்கவில்லை. கடைசியில் அப்பா கழியைப் போட்டுவிட்டு, சாமியின் இன்னொரு முழங்காலில் கை வைத்தார்.

"நானும் தொட்டுக்கினேன். நீயும் என்னைத் திட்டக்கூடாது. இன்னா படிக்கப்போற, சொல்லு."

"நர்சிங்" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

இப்போது அவளுக்கு மெசேஜ் போட்டேன். "கண்மூடி சாமி புத்தரா இருக்குமோ? சரணம்னா இன்னான்னு தெரியுமாக்கா?"

ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து பதில் வந்தது. "தெரியாமத்தான் அங்க குந்திக்கினு இருந்தேனாடா, லூசு?"