ஒல்லாந்துக்காரனை நம்பி வைத்த பாடு

எங்கள் சித்தப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏரியில் ஒரு கூடை இறால் பிடித்தால் கரைக்கு வந்து சேர்வதற்குள் அது மூன்று கூடையாகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு நாள், எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத ஐரோப்பாவை நம்பி எங்கள் குடும்பத்துப் பாட்டைப் பந்தயம் வைத்துவிட்டு வந்தார்.

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம்தான் இறால் கூட்டமாக வரும். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு போகும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அன்றைக்கு அந்த இடம் நமக்கு. விட்டால், எல்லா வீட்டையும் சுற்றிவிட்டுத்தான் மறுபடி நம் வாசலுக்கு வரும்.

அந்த இறால் பருவத்தில் எங்கள் நைனா, அதாவது அப்பா, காலில் திருக்கை முள் குத்தி, புண் ஆறாமல் கட்டிலோடு கிடந்தார். படகைச் சித்தப்பாதான் பார்த்துக்கொண்டார். வரப்போகும் பாட்டை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள். ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கே அது தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் அவ்வப்போது மறந்துவிடும்.

குப்பத்தில் டிவி இருந்தது பெரியப்பா வீட்டில். அவர் நைனாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். மஸ்கட்டில் இருந்த மகன் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போன டிவி அது. பெரியப்பாவுக்குப் பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவர் வாசலில் உட்கார்ந்து டிவி பார்க்கும் பிள்ளைகள் இருமக்கூடப் பயப்படுவோம். சித்தப்பாவுக்கும் அவருக்கும் எப்போதுமே ஆகாது.

ஒரு சாயங்காலம் சேனல் மாற்றும்போது, பனைமர உயரத்து வெள்ளைக்காரர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஆடும் கூடைப்பந்துப் போட்டி என்று படித்த பையன் ஒருவன் சொன்னான். பந்து வளையத்துக்குள் விழுந்து வலை வழியாகக் கீழே வந்தது. “இன்னாடா வலை இது, மடியே இல்லாம? போட்டதெல்லாம் கீழ வுழுது” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். அந்தப் பையன் அடுத்து, ஆடுகிறவர்களில் ஒரு கூட்டம் ஒல்லாந்து தேசம் என்றான். சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், ஒரு காலத்தில் எங்கள் ஊரில் கோட்டை கட்டி, வியாபாரம் பண்ணி, எங்கள் மண்ணிலேயே புதைந்து போனவர்கள். அவர்களுடைய கல்லறையைப் பார்க்க வந்த ஒரு நெட்டை மனிதரைச் சித்தப்பா ஒருமுறை படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். இறங்கும்போது அவர் கை கொடுத்தாராம். அன்றிலிருந்து அந்தத் தேசமே சித்தப்பாவுக்குச் சொந்தம்.

“அவுங்க நம்ம ஊர்க்காரங்கடா! எக்கிக் குதிக்கவே வேணாம், கைய நீட்டினா போதும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்துக்கும் போர்த்துகலுக்கும் ஆட்டம் என்று தெரிந்தது. அதுவரை சும்மா இருந்த பெரியப்பா, “ஒல்லாந்துக்காரனுக்கு முன்னாடியே போர்த்துகீசுக்காரன் இங்க வந்துட்டான்” என்றார். அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது.

“எங்க பாட்ட வைக்கிறேன். நீ உன் பாட்ட வைக்கிறியாண்ணே?”

பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வச்சேன்” என்றார்.

விஷயம் அம்மா காதுக்கு வந்தபோது அவள் கத்தவில்லை. நைனாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே! சித்தப்பாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, “உங்கண்ணன் கட்டில்ல கெடக்கறாரு. நீ வெள்ளைக்காரன் பின்னாடி போயி எங்க சோத்துல மண்ணப் போட்டியே” என்றாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். குப்பமே கேட்க விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க அவருக்கு வழியில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஒல்லாந்துக் கல்லறைக்குப் போனேன். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். பயத்தை அடக்கிக்கொண்டு, உள்ளே படுத்திருந்தவர்களை நோக்கிப் பெரிய கும்பிடாகப் போட்டு, உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்து ஆடச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் சொல்லவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒல்லாந்து பின்தங்கியே ஓடியது. சித்தப்பாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. பெரியப்பா சைக்கிளை எடுத்தார். பழவேற்காடு பஜாரில் ஜெனரேட்டர் வைத்த கடை ஒன்று இருந்தது, அங்கே டிவி ஓடும். சித்தப்பாவுக்குக் கூடப் போகத் தெம்பில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வலைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மா விளக்கை ஏற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒன்றும் தெரியாத நைனா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, “இன்னாண்ணே, இந்நேரத்துல?” என்று கேட்டார். பெரியப்பா நைனாவின் காலில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“சமம். ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளி. அவனவன் பாடு அவனவனுக்கு. இனிமேலாவது வாய அடக்கு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது! சித்தப்பா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அம்மா அடுப்பங்கரையில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். ஏன் குதிக்கிறேன் என்று கேட்ட நைனாவிடம் சும்மாதான் என்றேன்.

எங்கள் பாடு வந்தது. சித்தப்பா வலை கட்டினார், இறால் அள்ளிக்கொண்டு வந்தது. குழம்பு கொதித்து இறங்கியதும் அம்மா முதல் கிண்ணத்தை என் கையில் கொடுத்துப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினாள். “சமம்தானே, அவருக்கு எதுக்கு?” என்று முணுமுணுத்தேன். “பேசாம போயி குடுத்துட்டு வா” என்றாள்.

போன வருஷம் சென்னையில் என் மகளின் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துப் போட்டி. விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. நான் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், “உக்காருங்க, இன்னும் முடியல” என்றார்.

“அதான் சமமாப் போச்சே?”

“கூடைப்பந்துல சமமே கெடையாதுங்க. யாராவது ஒருத்தர் ஜெயிக்கிற வரைக்கும் ஆடித்தான் ஆவணும்.”

பிள்ளைகள் மறுபடி ஆட வந்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒல்லாந்து ஜெயித்திருந்தால் பெரியப்பா தன் பாட்டை நைனா கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். அவர் குணம் அப்படி. குப்பத்தில் அந்த ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அன்றைக்கு அவர் ஜெயித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று.