ஸ்டெல்லா லீவு போட்டால் சர்வர் ஓடும்

பிராட்பேண்ட் வந்த புதிது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் கிளைக்கும் அதே டேட்டாபேஸ்தான். ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"மேடம், திண்டிவனம் கவுன்ட்டர்ல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு. அது லாகின் பண்ணா போதும், சர்வர் படுத்துக்குது. லீவு போட்டா ஜம்முனு ஓடுது. ஏதோ பண்ணிக்கினு இருக்குது. ப்ரூஃப் எடுத்துக் குடுங்க, வேலைய விட்டு அனுப்பிடறேன்."

சர்வரின் லோடையும் அவளுடைய லீவு நாட்களையும் ஒப்பிட்டேன். அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் திண்டிவனம் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். லாகின் செய்த சிறிது நேரத்தில் ஸ்க்ரீன் அப்படியே நின்றது. கவுன்ட்டருக்கு வெளியே மரக்காணத்து மீனவர் ஒருவர். ஜுரத்தில் கிடந்த மனைவியை ஆட்டோவில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாம்மா, ரிப்போர்ட் வருமா வராதா? டாக்டரு கிளம்பிடுவாரு."

"இருங்கண்ணா, சர்வர் மாட்டிக்கினு இருக்குது" என்ற ஸ்டெல்லா, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "என்னை வேவு பாக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும் மேடம். நல்லா பாருங்க. நான் தொடறது இந்த ஒரு ஸ்க்ரீன்தான்."

பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து, அதில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் top கட்டளையைப் போட்டேன். சி.பி.யு. சும்மா இருந்தது, டிஸ்க்குக்காகக் காத்துக்கிடந்தது. மெமரியைக் கூட்டினால் சமாளிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் டிஸ்க்கைப் பிடித்திருப்பது யார்? டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்த தேடல்களை, அதாவது க்வெரிகளை, எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் சின்ன க்வெரி வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் ஒரே க்வெரி திரும்பத் திரும்ப. ஊழியர் பெயரை வைத்து உடனே தேட உதவும் இண்டெக்ஸ் இல்லாததால், இத்தனை வருட ரெக்கார்டுகளையும் முழுக்கப் படித்து, ஸ்டெல்லா இன்று எதையெல்லாம் தொட்டாள் என்று தேடிக்கொண்டிருந்தது. அந்த க்வெரி வந்த இடம் விழுப்புரம், மேனேஜரின் கம்ப்யூட்டர்.

போன் செய்தேன். "சார், ஸ்டெல்லா வந்ததும் ஏதாவது ஸ்க்ரீன் திறக்கறீங்களா?"

"ஆமா. அது இன்னா பண்ணுதுன்னு பாக்க ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன். தானா ரெஃப்ரெஷ் ஆவும். அது லீவுன்னா திறக்கறதில்ல."

"அதை மூடுங்க சார்."

மூடினார். ஸ்டெல்லாவின் ஸ்க்ரீன் நகர்ந்தது, பிரிண்டர் இரைந்தது. மீனவர் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

அன்று மாலை இண்டெக்ஸ் போட்டேன். மேனேஜர் வருத்தம் தெரிவிக்கவில்லை. "அப்ப இனிமே திறந்து வெச்சிக்கலாம் இல்ல?" என்று கேட்டார்.

"சர்வர் தாங்கும் சார். ஆனா அந்த ஸ்க்ரீனைத் திறக்கற உங்க பர்மிஷனை நீக்கிட்டேன்" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: சர்வர் மெதுவாகிறது என்று யாராவது இன்னொருவரைக் கைகாட்டினால், புகார் சொல்பவரின் மெஷினையும் சேர்த்தே பாருங்கள்.