பின்னட்டைக்கு ஒரு போட்டோ

செவ்வாயும் வெள்ளியும் அரசு ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை மெஷின் கழுவித் தருகிறது. மறுநாள் எழுந்து உட்காரவே முடியாது. மிச்சமிருக்கும் நாட்களில்தான் நாவல். ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த வாரம் எழுதிய பக்கங்களை மனைவி போனில் படம் பிடித்துச் சென்னையிலிருக்கும் பதிப்பாளருக்கு அனுப்புவாள். ஆரம்பத்தில் வாரம் ஒரு அத்தியாயம் போய்க்கொண்டிருந்தது. இப்போது இரண்டு பக்கம் போனாலே பெரிது. ஒரு வாரம் அரைப் பக்கம்தான் போனது, அதிலும் பாதி அடித்தல் திருத்தல். அதற்கும் அவர் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார். கும்பிட்டு வழியனுப்புகிறாரோ என்று எரிச்சலாக வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. தாள் விலை ஏறிவிட்டது, நூலக ஆர்டர் வரவில்லை, தடிமனான நாவலை யாரும் கையால் தொடுவதில்லை என்று ஒவ்வொரு முறையும் அழாத குறையாகச் சொல்வார். முடியுங்கள், பார்க்கலாம் என்பார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்கு ஆகாத சொல். என் பழைய புத்தகங்கள் ஒன்றுகூட இப்போது கடையில் கிடைப்பதில்லை. இதுவும் வராமல் போனால் நான் எழுதினேன் என்பதற்கே சாட்சி இல்லை.

அதனால்தான் போன மாதம் அவரே கூப்பிட்டு, பின்னட்டைக்கு நல்லதாக ஒரு போட்டோ வேண்டும் என்றபோது தலைகால் புரியவில்லை. அட்டை வரைக்கும் யோசித்துவிட்டார் என்றால் புத்தகம் உறுதி. அன்று சோறு கூட இரண்டு வாய் அதிகமாக இறங்கியது. அந்த வாரமே, பாதியில் நின்றிருந்த அத்தியாயத்தை முடித்தேன்.

மனைவி என்னை ஆட்டோவில் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள். வெளியே கோட்டை மலை தெரிகிற மாதிரி எடுக்கலாமே என்றேன். ஸ்டுடியோக்காரர் காதில் வாங்கவில்லை. நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, நெற்றியில் விபூதி வைக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, பெரிய சைஸா, ஃப்ரேமும் சேர்த்தா என்று கேட்டார். எனக்குக் காது மட்டும் இன்னும் நன்றாகவே கேட்கிறது.

எங்கள் பக்கம் ரொம்ப முடியாமல் போனவரை, முகம் உப்பிப் போவதற்குள் ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். நாளைக்குச் சுவரில் மாட்ட நல்ல படம் வேண்டுமே. ஆதாருக்கு, பென்ஷனுக்கு என்று அவரிடம் எதையாவது சொல்லிவைப்பார்கள். என்னைப் பெற்ற நைனாவை நாங்கள் ரேஷன் கார்டுக்கு என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம்.

இது புத்தகத்துக்கு என்று சத்தமாகவே சொன்னேன். சரிங்க சார், சரிங்க சார் என்று ஸ்டுடியோக்காரர் சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேறு எதற்கென்று சொன்னாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன், கிளம்பவும் மாட்டேன் என்று பயந்து, அவளேதான் பதிப்பாளருக்குப் போன் செய்து அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

என் படம் சுவருக்குப் போவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. உடம்பு போகிற போக்கு எனக்குத் தெரியாததா? அவள் தலையைத் தடவிக்கொடுத்து, அழாதே என்றேன். ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்ப புக்கு?"

"அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலீங்க. நானும் கேக்கல."