போவூல

என் சித்திக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்று வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கேரள எல்லையோரம், குன்னத்துகால் பக்கம் எங்கள் வீடு. கள்ளிக்காட்டில் கட்டிக்கொடுத்த சித்தி, கல்யாணமான எட்டாம் மாதமே ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை; எப்போது போவாள் என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் அவள் பேசியது தணிந்த, பயந்த தமிழ். கிணற்றடியில் தனியாகத் துணி துவைக்கும்போது மட்டும் மலையாளம், அதுவும் கனத்து அதட்டுகிற குரலில். ஒளிந்து கேட்ட என்னை ஒருநாள் பிடித்துவிட்டாள்.

"அவ வேற ஒருத்தியாக்கும் மக்கா. எனக்குப் பயம் வந்தா அவ வருவா. ஆருட்டயும் சொல்லாத."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். ரகசியம் தெரிந்த பெருமை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா பாறசாலையிலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். அவர் முற்றத்தில் மாவால் களம் வரைந்து நடுவில் சித்தியை உட்கார வைத்தார். பிரம்பைக் கண்டதுமே அந்தக் குரல் வந்துவிட்டது. போவியா மாட்டியா என்று அவர் கேட்டார்.

"ஞான் போவூல."

போகமாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் அதையேதான் சொன்னாள். எங்கே போகமாட்டேன் என்கிறாள் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பேய்க்கு என்ன அடம் பாரு என்று மாமா சிரித்தார். கடைசியில் சித்தி தமிழில், தன் சின்னக் குரலில், "போறேன்" என்றாள். மந்திரவாதி பிரம்பைக் கீழே வைத்தார். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

மறுவாரம் சித்தியைக் கள்ளிக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பஸ் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டாள். என்மேல் கோபமே இல்லை. கோபப்படுகிறவள்தான் போய்விட்டாளே. அதன்பிறகு அவள் எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு வருஷம் மெச்சினார்கள். பிறகு அவள் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு மனநல ஆலோசகர் முன்னால் என் மகளோடு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வயது. கதவை அடைத்துக்கொண்டு, வேறு குரலில் யாரையோ அதட்டுகிறாள். எப்படியாவது அதைப் போக்கித் தாருங்கள் என்றேன். நானேதான் அப்படிக் கேட்டேன். எல்லோருக்குள்ளும் பலபேர் உண்டு, அதட்டுகிறவளைத் துரத்தக் கூடாது என்றார் அவர். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அவ ஆருக்குக் காவல் நிக்கா? அவகிட்டயே கேளு மக்கா."

மகள் கண்ணை மூடிக் கேட்கத் தொடங்கினாள். அன்று முற்றத்தில், பேய் போயிற்று, இனி சித்தி மட்டும்தான் என்று நான் கைதட்டினேன். சித்திக்காக நின்ற ஒரே ஆளை அடித்து விரட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.