வேறு கல்யாணத்துக்குப் போன பெட்டி

போன வைகாசியில், கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்) ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கப் போயிருந்தேன். எனக்கு மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் செல்போன் ரிப்பேர் கடை. முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. வீடியோ பார்த்தும், பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே தட்டிப் பார்த்தும் வந்ததுதான்.

பேஸ் வாசிக்கிறவனிடம் ஜனங்கள் கேட்பதைச் சேர்த்து வைத்தாலே பொழுது போகும். ஒரு ஊரில் மாப்பிள்ளையின் மாமா சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு வந்து, "ஏனுங்க, நீங்க வாசிக்கிறீங்களா, இல்லே சும்மா புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நான்கு தடித்த கம்பிகளில் வருகிற அடிச்சத்தம் அது. இருக்கும்போது தெரியாது, இல்லாதபோது பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

என்னுடைய சத்தம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. ஒரு ஸ்வரமும் தெளிவாக விழாது. "நனைஞ்ச சாக்க அடிக்கிறாப்பல இருக்குதுங்க" என்பார் எங்கள் குழுத் தலைவர். சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. இந்தக் கல்யாணம் வரை பார்ப்பது, சரிவராவிட்டால் அடுத்த சீசனிலிருந்து கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸையும் வாசித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். பல குழுக்களில் இப்போது அப்படித்தான். வண்டியில் ஒரு ஆள் இடமும் மிச்சம்.

குறை பொருளில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். சத்தத்தின் குணத்தை மாற்றுகிற பெடல்கள் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து குமிழ்களைத் திருப்பித் திருப்பி, நல்லது என்று பட்ட அளவில் நிறுத்தி, அசையாமல் இருக்க மேலே டேப் ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கினேன். அந்தப் பெட்டி எங்கள் வேனுக்குள் நுழையவில்லை.

மலையிலிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லோடு இறக்கும் பிக்கப் வண்டிகள் திரும்பும்போது காலியாகத்தான் ஏறும். கனமான சாமானை அதில் ஏற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்த டிரைவர் ஒருவரிடம் கல்யாண வீட்டில் இறக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் பின்னால் வேனில் ஏறினோம்.

போய்ச் சேர்ந்தால் பெட்டி இல்லை. டிரைவரின் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தி ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கிட்டாரின் வயரை நேராக மைக்செட்டில் செருகினேன். தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு கீபோர்டைப் பார்த்தார்.

முதல் பாட்டு அதே நனைந்த சாக்கு. பழைய ஆம்ப்ளிஃபயரில் வந்த அதே குழப்பம் இந்த மைக்செட்டிலும் வந்தது. அப்போதே எனக்குச் சுரீரென்று பட்டிருக்க வேண்டும். ஆனால் பெட்டியில்லாத குறை என்றுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பாட்டில் கீபோர்டுக்காரரின் இடது கை மெல்லக் கீழ்க்கட்டைகளுக்கு இறங்கியது. அவர் நல்ல மனிதர். என்னைப் பார்க்காமல்தான் இறக்கினார்.

மூன்றாம் பாட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கைகோத்து வட்டமாக ஆட ஆரம்பித்த நேரம், கரண்டு போயிற்று.

கரண்டு போனால் டிரம் மட்டும் நிற்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் எழுதாத சட்டம். மற்றவர்கள் பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே விரலை ஓட்டிக்கொண்டிருப்போம். ஜெனரேட்டர் வந்ததும் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமல்லவா. டிரம்மர் விடாமல் வாசித்தார், பெண்கள் விடாமல் ஆடினார்கள். எனக்கு என் கிட்டார் கேட்கவில்லை. இரைச்சலில் சுருதி சேர்க்கும்போது செய்வது போல, கிட்டாரின் உடலில் மேலே கொம்பு போல நீளும் முனையில் தாடையை அழுத்தி வைத்தேன். எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே வந்தது.

அங்கேயும் அதே சாக்கு.

வயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, கரண்டே இல்லை. ஆனாலும் ஒரு ஸ்வரம் சாவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தது. தொடாத கம்பிகளும் கூட முனகின. நான் வேறு வலது கையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் வைத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். கம்பி போய்க் கட்டையில் மோதியது. அத்தனை நாளும் ஸ்பீக்கரில் கேட்டுத் தேடியது தாடைக்கடியில் இருந்தது.

டிரம் ஓடிக்கொண்டே இருந்ததால் யோசிக்க நேரமில்லை. கையைக் கம்பிகள் முடிகிற பக்கமாக நகர்த்தினேன். மெதுவாக இழுத்தேன். வாசிக்காத கம்பிகள் மேல் கட்டைவிரலைச் சாய்த்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் விழுந்ததும் இடதுகை விரலைக் கொஞ்சம் தளர்த்தி அதை நிறுத்தினேன். எங்கே நிறுத்துவது என்பதற்கு, எதிரே ஆடிக்கொண்டிருந்த பெண்களின் கால்களைப் பார்த்துக்கொண்டேன். கால் தூக்கும்போது சத்தம் இருக்கக் கூடாது, ஊன்றும்போது இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வந்தது. மைக்செட்டில் என் கிட்டார் தனித்தனியாக, காய்ந்த தரையில் நடப்பது போல வந்தது. மெலிந்த சத்தம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தெரிந்தது. தலைவர் பாதிப் பாட்டில் திரும்பிப் பார்த்தார். கீபோர்டுக்காரரின் இடது கை மேலே ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு அது இறங்கவில்லை.

சாயங்காலம் சேந்தமங்கலத்தில் பிக்கப் டிரைவர் பெட்டியோடு என் கடை வாசலில் நின்றார். அதை அதே மலையில் திருப்புலி நாட்டில் இன்னொரு கல்யாணத்தில் இறக்கியிருக்கிறார். "ரெண்டு ஊட்லயும் வாழமரம் கட்டியிருந்துச்சுங்க, ரெண்டு ஊட்லயும் பாட்டுக் கச்சேரிங்க. இதுல உங்க கல்யாணம் எதுன்னு நான் எந்த மாப்பிள்ளைகிட்டங்க கேக்கறது?" என்றார். அங்கே வந்த குழுவினர் அதை மைக்செட்காரரின் பெட்டி என்று நினைத்து எடுத்து மாட்டிவிட்டார்களாம். தப்பு தெரிந்து எடுக்கப் போனபோது சாட்சிக்குப் போனில் வீடியோ வேறு எடுத்திருந்தார்.

பார்த்தேன். யாரென்றே தெரியாத ஒருவர் என் ஆம்ப்ளிஃபயரில், என் பெடல்களில் வாசித்துக்கொண்டிருந்தார். டேப் ஒட்டிய குமிழ்கள் ஒட்டியபடியே இருந்தன. சத்தம் அருமையாக இருந்தது, என்னுடைய சத்தம் அதில் துளியும் இல்லை. என் சத்தம் என்னோடு குண்டூர் நாட்டுக்கு வந்திருந்தது.

அன்று கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது தலைவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அடுத்த வாரம் ராசிபுரம். பொட்டி வந்தாலும் செரி, வராட்டியும் செரி. இன்னிக்கு வாசிச்ச கையக் கொண்டாந்துருங்க."

பெட்டி இன்றும் என்னோடு கச்சேரிக்கு வருகிறது. இருப்பதைப் பெரிதாக்கிக் கொடுக்க அது வேண்டும். ஆனால் எந்த மேடையானாலும் வயரைச் செருகும் முன் கிட்டார் மேல் தாடையை வைத்து ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன், அங்கே சரியில்லாத எதையும் எந்தக் குமிழும் எனக்காகச் சரி செய்யப் போவதில்லை என்பதை அந்தக் கரண்டு இல்லாத நேரம் எனக்குக் காட்டிவிட்டது.