களிமண்ணில் கட்டிய சுவர்

என் அம்மா முத்தாரம்மாள் சென்ற மாதம் இறந்தார். ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்தவர். அவர் கடையின் மேற்குச் சுவரைப் பற்றி எழுதுகிறேன். அதைக் கட்டியபோது நான் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன்.

முன்பு அங்கே சுவர் கிடையாது, ஒரே கடை. அம்மாவின் நகைகளை விற்று, அப்பா குற்றாலலிங்கத்தின் பெயரில் வாங்கியது. 1998இல் குடும்ப நீதிமன்றம் இருவருக்கும் விவாகரத்து கொடுத்தது. கடையில் பாதி அம்மாவுக்கு என்றும் தீர்ப்புச் சொன்னது. அப்பா எர்ணாகுளம் உயர்நீதிமன்றத்தில் அப்பீல் போட்டார். அது முடியும்வரை பொறுத்திருக்கச் சொன்னார் தம்பானூர் மாமா. அவர் வீட்டில்தான் அம்மா அப்போது இருந்தார்.

“பொறுத்தா உங்க வீட்டு அடுக்களையிலேயே கிழவியாயிருவேன்ணே.”

தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி அம்மா மனுக் கொடுத்தார். அப்பீலில் தோற்றால் இடத்தைப் பழையபடி திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். எழுதிக் கொடுத்தார்.

இடத்தை ஒப்படைக்க வந்த கோர்ட் அமீன் வேலாயுதன் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே வாசலில் நின்றார். அப்பா மறித்தார்.

“அப்பீல் போட்டாச்சு. எவனும் உள்ள கால் வைக்கக் கூடாது.”

“அப்பீல் உண்டு, சரி. ஸ்டே உண்டோ சேட்டா?”

“வக்கீல்ட்ட கேக்கணும்.”

“ஸ்டே இல்லெங்கில் கொஞ்சம் மாறி நிக்கணும்.” மறுபடியும் தும்மினார்.

அப்பா விலகி நின்றார். அமீன் அளந்து கோடு போட்டார். கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்திருந்தார் அம்மா. குழைத்து வைத்திருந்தது களிமண்.

“சிமெண்ட்லயே கட்டிரலாம்மா,” என்றேன்.

“தோத்தா இடிச்சுக் குடுக்கணும்லா. மண்ணுன்னா கல்லு உடையாம வரும்.”

அப்பா சிரித்தார். “பாத்தீங்களா, அவளுக்கே நம்பிக்கை இல்ல.”

அம்மா அவரிடம் நேராகப் பேசுவதை விட்டிருந்தார். அமீனைப் பார்த்துச் சொன்னார்: “அவங்க ஜெயிச்சா எடம் அவங்களுக்கு. செங்கல் நான் வாங்குனது. ஒரு கல்லு விட்டுட்டுப் போமாட்டேன்னு சொல்லுங்க.”

அமீன் சொல்லவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பீல் முடிய நான்கு வருடம் ஆனது. அதுவரை அம்மா அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சாக்குகளைச் சுவரிலிருந்து தள்ளியே அடுக்கினார். அந்தப் பக்கம் அப்பா வத்தல் விற்றார். இந்தப் பக்கம் அம்மாவும் வத்தலே விற்றார்.

2002இல் அப்பீல் தள்ளுபடியானது. மறுநாள் அம்மா சிமெண்ட் வாங்கினார். செங்கல் இணைப்புகளில் மண்ணைச் சுரண்டாவிட்டால் பூச்சு நிற்காது என்று சொன்னேன். கொத்தனாரிடம் விடாமல் தானே ஆணியால் சுரண்டினார். எங்கள் பக்கம் மட்டும் பூசினார்கள். பூச்சு காய்ந்ததும் சாக்குகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கச் சொன்னார்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அப்பா எங்கள் கடை வாசலுக்கு வந்தார்.

“இனி எதுக்கு மக்கா இந்தச் சுவரு? மண்ணுதானே, எடுத்திரலாம்.”

அவர் பக்கம் இன்னும் மண்தான்.

“எங்க பக்கம் சிமெண்ட் பூசியிருக்குப்பா. இடிச்சா ஒரு கல்லும் முழுசா வராது.”

நான் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடையைத் திறந்தேன்.