அப்பா அளவுக்கு வைத்த சீட்

சிங்கப்பெருமாள் கோயில் வீட்டு ஷெட்டில் இரண்டு வருடமாகப் பிரித்துப் போட்டிருந்த அப்பாவின் பழைய காண்டசா கார் இன்று ஓடியது.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. அதனால் பவர் ஸ்டீயரிங் மாட்டினேன்.

அப்பா குள்ளம். சீட்டையும் அவருக்கேற்ப நன்றாக முன்னால் தள்ளி வைத்தேன்.

போன மாதம் அப்பா இறந்துவிட்டார்.

இன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நான் ஏறினேன். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது.

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, இப்டி குந்திகினு எப்டி ஓட்டுவ? சீட்ட பின்னால தள்ளட்டா?"

"வாணாம்ணா."

மாமல்லபுரம் வரை போய்வந்தேன். இரண்டு முட்டியும் வீங்கியிருக்கின்றன.

காண்டசா வைத்திருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். சீட்டைத் தள்ளு என்று மட்டும் சொல்லாதீர்கள்.